சுருட்டும் ஷெரூட்டும்: எது எதிலிருந்து போனது?

கேள்வி இதுதான். ஆங்கிலத்தில் சுருட்டுக்கு ‘ஷெரூட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது எங்களுடைய சுருட்டில் இருந்து போனதா, அல்லது போர்த்துக்கேயர் சொன்ன ‘சருத்தோ’வைத்தான் நாங்கள் சுருட்டு என்று ஆக்கிக்கொண்டோமா? கேட்ட தம்பியின் நண்பர் இரண்டாவது கட்சி. அவருடைய நியாயமும் லேசானதில்லை. புகையிலையே போர்த்துக்கேயர் கொண்டுவந்த பயிர். கதிரை, அலுமாரி, யன்னல், பாண், சப்பாத்து, தாச்சி என்று யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் கிடக்கும் பாதிச் சொற்கள் அவர்கள் விட்டுப்போனவை. அப்படியிருக்க, சுருட்டு மட்டும் எப்படித் தமிழாக இருக்கும் என்று கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: பழைய ஆங்கிலக் கதைகளில் வரும் ‘லங்கா’ என்ற சுருட்டு எங்கள் இலங்கைச் சுருட்டா?

முதல் கேள்விக்குப் பதில்: சொல் தமிழ். இங்கிருந்து போர்த்துக்கேயர் வாய்க்கு ஏறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆனால் ‘தமிழ்தான்’ என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனால் அந்த நண்பர் ஒத்துக்கொள்ளமாட்டார், ஒத்துக்கொள்ளவும் தேவையில்லை. ஏன் என்று காட்டவேண்டும். அவர் சொன்ன கதிரையையே எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.

கதிரை போர்த்துக்கேயச் சொல் என்று எப்படித் தெரியும்? தமிழில் அதற்குச் சொந்தபந்தம் இல்லை. நெற்கதிருக்கும் சூரியக் கதிருக்கும் உட்காரும் கதிரைக்கும் ஒரு தொடர்பும் காட்டமுடியாது. போர்த்துக்கேயத்தில் ‘கதெய்ரா’ என்று இருக்கிறது, அதற்குப் பின்னால் இலத்தீனில் ‘கதெட்ரா’, அதற்கும் பின்னால் கிரேக்கம். ஆயரின் இருக்கை உள்ள கோயிலைக் கதீட்ரல் என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான். அதாவது அந்தப் பக்கம் பாட்டன் பூட்டன் வரை ஆள் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. அதனால் சொல் அங்கிருந்து இங்கே வந்தது என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

இப்போது அதே சோதனையைச் சுருட்டுக்கு வைத்துப் பாருங்கள். தமிழில் சுருள், சுருளுதல், சுருட்டுதல், சுருங்குதல், சுருக்கு, சுருட்டை மயிர், சுருட்டை விரியன் என்று குடும்பம் வரிசையாக நிற்கிறது. பாயைச் சுருட்டுகிறோம், ஓலையைச் சுருட்டுகிறோம், ஊர்க்காசைச் சுருட்டிக்கொண்டு போனவனைப் பற்றியும் பேசுகிறோம். புகையிலை இந்தக் கரையில் இறங்குவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கூந்தலைச் சுரிகுழல் என்று பாடியிருக்கிறார்கள். வினையை அப்படியே பெயராக வைத்துக்கொள்வதும் தமிழுக்குப் புதிதில்லை. பூட்டுகிறோம், பூட்டுகிற பொருளும் பூட்டு. கட்டுகிறோம், கட்டியதும் கட்டு: புல்லுக்கட்டு, விறகுக்கட்டு. அதுபோலத்தான் சுருட்டியது சுருட்டு. முதலில் எதைச் சுருட்டினாலும் சுருட்டுத்தான், பிறகு புகையிலைச்சுருட்டு, காலப்போக்கில் புகையிலை உதிர்ந்து வெறும் சுருட்டு.

போர்த்துக்கேயத்தில் ‘சருத்தோ’வுக்கு இப்படி ஒரு வினையும் இல்லை, இலத்தீன் பாட்டனும் இல்லை. பக்கத்து வீட்டு ஸ்பானியருக்கு இந்தச் சொல்லே தெரியாது. அவர்கள் சிகார்ரோ என்றார்கள், பூரோ என்றார்கள். இலத்தீனில் இருந்து வந்த சொல்லாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்திருக்கும். கிழக்கே கப்பல் விட்டவர்களின் மொழியில் மட்டும் இருக்கிறது என்பதே பெரிய சாட்சி. போர்த்துக்கேய அகராதிகளும் இதைத் தமிழ்ச் சொல் என்றே எழுதுகின்றன.

நண்பரின் வாதத்தில் ஒரு பாதி சரி: செடி அவர்கள் கொண்டுவந்ததுதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்த்துக்கேயர் வழியாக இந்தியக் கரைகளுக்கு வந்தது. அக்பரின் கடைசிக் காலத்தில், 1604 அளவில், அசாத் பேக் என்பவர் பீஜப்பூரில் இருந்து புகையிலையைக் கொண்டுபோய் அரசருக்குக் காட்டினார். அரசவையில் அது என்னவென்றே தெரியாமல் விவாதம் நடந்தது. ஆனால் செடி வந்தால் பெயரும் கூடவே வரவேண்டும் என்று சட்டம் இல்லை. வடக்கே தம்பாக்கு என்று அந்நியப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். தெற்கே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தமிழில் புகையிலை, மலையாளத்தில் புகையில, தெலுங்கில் பொகாகு, கன்னடத்தில் ஹொகெசொப்பு, சிங்களத்தில் தும்கொல. எல்லாம் ஒரே பொருள்: புகையும் இலையும். ஐந்து மொழிக்காரரும் தபாக்கோ என்ற பெயரைத் தள்ளிவிட்டு, கண்ணால் கண்டதைப் பெயராக வைத்தார்கள். இலைக்கே சொந்தப் பெயர் வைத்தவர்கள், அதைச் சுருட்டிய பொருளுக்குப் பெயர் கடன் கேட்டார்கள் என்பது எனக்குப் பொருந்தவேயில்லை.

ஒலி விஷயத்தையும் ஒருக்கால் பார்க்கலாம், ஏனென்றால் ‘சு’ எப்படிச் ‘ச’ ஆனது, அது எப்படி ‘ஷெ’ ஆனது என்று கட்டாயம் கேட்பார்கள். போர்த்துக்கேயத்தில் சொல்லின் கடைசியில் அழுத்தமில்லாமல் வரும் ‘ஓ’ வாயில் ‘உ’ என்றுதான் விழும். ஆகவே எழுத்தில் சருத்தோ, பேச்சில் கிட்டத்தட்ட ‘சருத்து’. எங்கள் சுருட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அழுத்தம் நடு அசையில் விழுவதால் முதல் உயிர் தளர்ந்துவிட்டது. எங்கள் ‘ட்’ அவர்களிடம் இல்லை, ‘த்’ ஆக்கினார்கள். முதலெழுத்து அந்தக் காலத்தில் அவர்கள் வாயிலும் ‘ச்ச’ என்ற வல்லொலிதான். ‘ஷ’ ஆனது பிறகு. மலையாளத்தில் இப்போதும் ‘ச்சுருட்டு’ என்று அழுத்தித்தான் சொல்வார்கள். நாங்களும் புகையிலைச்சுருட்டு என்று சேர்த்துச் சொல்லும்போது அந்த ‘ச்சு’ தெளிவாகக் கேட்கும். ஆங்கிலேயர் கடைசி உயிரை வெட்டிவிட்டு ஷெரூட் என்றார்கள்.

சரி, எழுத்துச் சாட்சிக்கு வருவோம். இந்தச் சொல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் திறப்பது ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி. ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் வந்தது. ஷெரூட் என்பது தமிழ் சுருட்டு, புகையிலைச் சுருள் என்று அவர்கள் நேராகவே எழுதினார்கள். அவர்களுக்குக் கிடைத்த மிகப் பழைய சாட்சி எது தெரியுமா? எங்கள் வீரமாமுனிவர். பரமார்த்த குரு கதையின் தொடக்கத்தில், ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பானே, அந்தக் கொள்ளி அவன் புகையிலைச் சுருட்டுப் பற்றவைக்க வைத்திருந்தது. 1725 அளவில் எழுதப்பட்ட வரி. சிறுவயதில் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் யாரும் அதற்குள் ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு இருக்கிறது என்று நினைத்திருக்கமாட்டோம்.

பிறகு 1903இல் வில்லியம் குரூக் அந்த அகராதியைத் திருத்தி வெளியிட்டபோது இன்னும் பழைய சாட்சி சேர்ந்தது: தாமஸ் பௌரி. வங்காள விரிகுடாவைச் சுற்றி 1669இல் இருந்து 1679 வரை வியாபாரம் செய்த ஆங்கில மாலுமி. ஏழைச் சனங்கள், ஜெண்டூக்களும் (இந்துக்களுக்கு அந்தக் காலத்து ஐரோப்பியர் வைத்த பெயர்) மலபார்களும், இலையை வெறுமனே சுருட்டி ஒரு நுனியில் நெருப்பு வைத்து மறு நுனியை உதட்டில் பிடிக்கிறார்கள் என்று எழுதுகிறார். அது அற்பமான முறை, ஆனாலும் ஆதிமுறை அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று தன் கருத்தையும் சேர்க்கிறார். அதற்குப் பெயர் ‘பங்கோ’, போர்த்துக்கேயர் சொல்வது ‘செரூட்டா’ என்று முடிக்கிறார். மலபார்கள் என்றால் கேரளத்தார் என்று எண்ணிவிடக்கூடாது. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபார்கள் என்றுதான் எழுதினார்கள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தாரைக் குறித்ததும் அந்தப் பெயரால்தான்.

இந்த ஒரு குறிப்பில் எங்களுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. பொருள் உள்ளூர்ச் சனத்தின் கையில். சொல் போர்த்துக்கேயர் வாயில். எழுதுகிறவர் ஆங்கிலேயர். சொல் போன பாதையின் மூன்று படியும் ஒரே வாக்கியத்தில் கிடைப்பது மிக அரிது. நண்பர் இதைப் பிடித்துக்கொண்டு “பாருங்கள், போர்த்துக்கேயர் சொல் என்றுதானே எழுதியிருக்கிறார்” என்று கேட்கலாம். பௌரி காதால் கேட்டது போர்த்துக்கேயரிடம் என்பதைத்தான் அது காட்டும். போர்த்துக்கேயருக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்பதற்கு மேலே சொன்ன குடும்பம்தான் சாட்சி.

‘பங்கோ’வும் சும்மா வந்த பெயர் இல்லை. மலாய் மொழியில் புங்குஸ் என்றால் சுற்றிக் கட்டிய பொதி. பௌரிக்கு மலாய் நன்றாகத் தெரியும். 1701இல் ஆங்கில-மலாய் அகராதி வெளியிட்டவரே அவர்தான். அதனால் கொஞ்சக் காலம் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் போட்டி போட்டன. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயைப் பற்றி எழுதிய குரோஸ் என்பவர் சுருட்டை விவரித்துவிட்டு ‘பங்கஸ்’ என்றே பெயர் சொல்கிறார். ஆனால் அதே காலத்தில், 1759இல், கல்கத்தாக் கணக்கில் 60 இறாத்தல் மசூலிப்பட்டணத்து ஷெரூட்டுக்கு 500 ரூபாய் என்று எழுதப்பட்டிருக்கிறது. 1781இல் ஹைதர் அலியின் சிறையில் கிடந்த லிண்ட்சே என்ற அதிகாரி, ஆட்கள் தன் படுக்கை ஓரம் வந்து அரசியல் பேசி ஷெரூட் குடித்துத் தொல்லை தருவதாகவும், அதைவிட்டு என்னைப்போலக் கிழிந்த சட்டையைத் தைக்கலாமே என்றும் குறைப்படுகிறார். இதில் கவனிக்கவேண்டியது, அவர் அந்தச் சொல்லுக்கு விளக்கமே கொடுக்கவில்லை. பௌரி விளக்கினார், நூறு வருஷம் கழித்து விளக்கம் தேவைப்படவில்லை. பங்கஸ் செத்துப்போய்விட்டது.

யாழ்ப்பாணத்துக்கு இதில் என்ன பங்கு? இந்தச் சொல் யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் இருந்து கப்பல் ஏறியது என்று ஊர்ப்பற்றில் சொல்லுகிறவர்கள் உண்டு. பதிவுகள் காட்டுவது சோழமண்டலக் கரையையும் மசூலிப்பட்டணத்தையும்தான், அதை மாற்றிச் சொல்லக்கூடாது. ஆனால் போர்த்துக்கேயர் 1619இல் இருந்து 1658 வரை யாழ்ப்பாணத்தை நேரடியாக ஆண்டார்கள். பிறகு வந்த ஒல்லாந்தர் காலத்திலேயே எங்கள் புகையிலை மலையாளக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே போகிற வகைக்கு இங்கே மலையாளப் புகையிலை என்று பெயர். அங்கே அதற்கு ஜாப்பாணம் புகையில என்று பெயர். அனுப்புகிறவன் வாங்குகிறவனின் ஊரையும், வாங்குகிறவன் அனுப்புகிறவனின் ஊரையும் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

செம்பாட்டு மண்ணில் பட்டி அடைத்து, துலா மிதித்து இறைத்து வளர்த்த பயிர் அது. இணுவில், கொக்குவில், தாவடிப் பக்கம் சுருட்டுக் கொட்டில் இல்லாத ஒழுங்கையே இல்லை என்ற காலம் இருந்தது. கொட்டிலில் பாய் போட்டு வரிசையாக இருப்பார்கள், ஆளுக்கொரு பலகை. பதமாக ஈரம் கண்ட இலையின் நடுநரம்பைக் கிழித்து எடுப்பார்கள். துண்டிலைகளை நீளவாக்கில் அடுக்கி, உள்ளங்கையால் பலகையில் ஒரு உருட்டு. பிறகு நல்ல இலையைச் சாய்வாக நறுக்கி, ஒரு நுனியில் இருந்து மறு நுனிவரை சுற்றிக்கொண்டு போய்ப் பசை தொட்டு ஒட்டுவார்கள். கடைசியில் இரண்டு நுனியையும் வெட்டிவிட்டால் முடிந்தது. கை வேலையில் இருக்கும், காது வேறு இடத்தில்: ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சுற்றுவார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவரும் உலக அரசியலை வரிவரியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வாசிப்பு நடந்தது. யாழ்ப்பாணத்தின் படிப்பு என்றால் பள்ளிக்கூடங்களை மட்டும் பேசுகிறோம், கொட்டில்களையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த வெட்டிய நுனிகளைக் குறித்துச் சொல்ல ஒன்று உண்டு. ஐரோப்பிய முறைச் சிகாருக்கு வாயில் வைக்கும் பக்கம் மூடியிருக்கும், அதைக் கடித்தோ வெட்டியோ திறக்கவேண்டும். எங்கள் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்தது. ஆங்கில அகராதிகளில் ஷெரூட்டுக்குக் கொடுக்கும் விளக்கமே ‘இரு முனையும் வெட்டப்பட்ட சிகார்’ என்பதுதான். சொல்லோடு பொருளின் வடிவமும் சேர்ந்தே போயிருக்கிறது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு, மணிலாச் சுருட்டு, பர்மாச் சுருட்டு எல்லாம் ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குள் வந்ததற்குக் காரணம் இந்த வடிவம்.

இங்கிருந்து தெற்கே போனவர்களும் சுருட்டை விட்டுவிடவில்லை. சிங்கள ஊர்ச் சந்திகளில் யாழ்ப்பாணத்தார் வைத்த சுருட்டுக்கடைகள் பெயர்போனவை. சிங்களத்திலும் அது சுருட்டுத்தான், சுருட்டுவ. மலாயிலும் இந்தோனேசியாவிலும் செருத்து. வங்காளத்திலும் ஹிந்தியிலும் சுருட். ஆனால் எல்லாவற்றிலும் தூரம் போனது போர்த்துக்கேயர் கொண்டுபோனதுதான். பிரேசிலில் இன்றைக்கும் சிகாருக்குச் சருத்தோ என்பதே சாதாரணச் சொல். சிகார் விற்கிற கடைக்குச் சருத்தாரியா என்று அதிலிருந்து புதுச்சொல்லும் உண்டாக்கிவிட்டார்கள். லெபனானில் இருந்து அங்கே குடியேறியவர்கள் முந்திரிகை இலையில் இறைச்சியும் சோறும் வைத்துச் சுற்றிச் சமைக்கிற பண்டத்துக்குக்கூடச் சருத்தோ என்று பெயர் விழுந்திருக்கிறது. சுருட்டினது எதுவானாலும் சுருட்டு என்ற பழைய தமிழ்ப் பொருளுக்கே அங்கே திரும்பிப் போயிருக்கிறது! இலை அமெரிக்கக் கண்டத்தில் இருந்து இங்கே வந்தது. பெயர் இங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது.

போர்த்துக்கேயர் வழியாக ஆங்கிலம் போனது இது ஒன்று மட்டுமில்லை. எங்கள் கலியாண வீட்டிலோ செத்தவீட்டிலோ வைக்கிற வெற்றிலைத் தட்டத்தைப் பாருங்கள். வெற்றிலை ஆங்கிலத்தில் பீட்டல். பாக்கு அரிக்கா; அடைக்காய் என்ற பழைய சொல்லின் மலையாள வடிவமான அடக்கவில் இருந்து வந்தது. பக்கத்தில் சுருட்டு, ஷெரூட். ஒரு தட்டத்தில் மூன்று ஆங்கிலச் சொல். தேக்கும் மாங்காயும் டீக், மாங்கோ ஆனதும் இதே கப்பலில்தான்.

இதற்காகக் கண்டதையெல்லாம் தமிழ் என்று சொல்லக் கூடாது. சிகார் என்ற சொல்லையும் சுருட்டோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஸ்பானியச் சிகார்ரோ; பெரும்பாலும் மாயா மொழியில் இருந்து வந்ததாகச் சொல்வார்கள், தமிழுக்கும் அதற்கும் உறவில்லை. ‘கேஷ்’ இன்னும் சிக்கலானது. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. கையிலிருக்கும் பணம் என்ற பொருளில் வருவது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பெட்டியைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. சீனத்திலும் இந்தியாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த கேஷ்தான் எங்கள் காசு, அதுவும் போர்த்துக்கேயர் வழியாகப் போனது. இரண்டையும் ஒன்றாக்கி, வங்கியில் எடுக்கிற கேஷ் தமிழ் என்று சொன்னால் யாராவது ஒரு நாள் அகராதியைத் திறந்து காட்டுவார்கள். அப்போது உண்மையான சுருட்டையும் சேர்த்தே நம்பமாட்டார்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கடைசியாக அந்த ‘லங்கா’. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ், சாம்பலைப் பார்த்தே எந்தச் சுருட்டு என்று சொல்லிவிடுவதாகப் பெருமைப்படுகிற இடத்தில், 1890இல் வந்த கதையில், இந்திய லங்கா என்று ஒன்றைச் சொல்கிறார். இந்தியா என்று அடைமொழி போட்டிருப்பதே பாதிப் பதில். தெலுங்கில் லங்க என்றால் ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டு. கோதாவரிக் கழிமுகத்துத் திட்டுகளின் வண்டல் மண்ணில் விளைந்த புகையிலைக்கு அந்தப் பெயர், அதில் சுற்றிய சுருட்டுக்கும் அதே பெயர். யூலும் பர்னலும் திருச்சிச் சுருட்டையும் கோதாவரி லங்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். ஆக, அது இலங்கைச் சுருட்டு இல்லை, ஆந்திரச் சுருட்டு.